கரண்ட் பில்: குற்றவாளி கம்ப்யூட்டரா, ஃபேனா?

"நீ கம்ப்யூட்டர் வாங்கினதுக்கு அப்புறம்தான் கரண்ட் பில் இப்படி எகிறுது!" என்றார் அம்மா. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய உங்களுக்கும் இந்த அர்ச்சனை கிடைத்திருக்கும். சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் நான் சும்மா இருப்பேனா? எக்செல்லைத் திறந்தேன்.

கணக்கு எளிதுதான். வாட்ஸை மணி நேரத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் யூனிட். மானிட்டருடன் சேர்த்து என் கம்ப்யூட்டருக்குச் சுமார் 100 வாட்ஸ். தினமும் 3 மணி நேரம் என்றால், 60 நாட்களுக்கு 18 யூனிட். சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட்ஸ். எங்கள் வீட்டின் மூன்று ஃபேன்களும் தினமும் 15 மணி நேரம் ஓடுகின்றன. 60 நாட்களுக்கு 202 யூனிட்!

தீர்வும் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது. பிராசஸர் மேல் சுழலும் குட்டி ஃபேனில் இருப்பது பிரஷ் இல்லாத டிசி மோட்டார். நிலைக்காந்தமும் எலக்ட்ரானிக் சர்க்யூட்டும் சேர்ந்து இயக்குவதால் வெப்பமாக வீணாகும் மின்சாரம் குறைவு. இதே வகை மோட்டார் உள்ள 'பிஎல்டிசி' சீலிங் ஃபேனுக்குச் சுமார் 30 வாட்ஸ் போதும். மூன்றுக்கும் சேர்த்து 81 யூனிட்தான். தமிழ்நாட்டில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே கூடிவிடும் என்பதால், 121 யூனிட் மிச்சம் என்பது சாதாரண விஷயமல்ல.

விலை சற்று அதிகம். எனவே அதிக நேரம் ஓடும் ஃபேனை முதலில் மாற்றுங்கள். பழைய ரெகுலேட்டரை எலக்ட்ரீஷியனிடம் சொல்லி நீக்கிவிடுங்கள். இந்த ஃபேன்களின் வேகத்தை ரிமோட்டில் மாற்றலாம்.

ஒன்றை மறக்காதீர்கள். ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை, நம் வியர்வையைத்தான் உலர்த்துகிறது. ஆளில்லாத அறையில் ஓடினால் வீண் செலவு.

எங்கள் ஹால் ஃபேனை மாற்றியாகிவிட்டது. கம்ப்யூட்டருக்கும் விடுதலை!