சப்பாணிக்கும் ஒரு பேர் இருந்தது



‘16 வயதினிலே’ படத்தை நம்மில் பார்க்காதவங்க குறைவு. 1977-ல் பாரதிராஜா எடுத்தது. அதில் கமல்ஹாசன் நடித்த சப்பாணியை நினைத்துப் பாருங்கள். ஊருக்கெல்லாம் வேலை செய்வான். ஆனாலும் தனி ஆள். கோபாலகிருஷ்ணன் என்ற அவன் பேரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை.

கால் சரியில்லை, அதனால்தான் தனிமை என்று நாம் நினைப்போம். சமூகப் பணிப் பாடம் வேறு மாதிரி சொல்கிறது. ஆளை மட்டும் பார்க்காதே, சுற்றி இருக்கிறவங்களையும் பார் என்கிறது. பட்டப்பேர் வைத்துச் சிரித்த ஊர்தான் அவனைத் தனியாக்கியது. அதையே திரும்பத் திரும்பக் கேட்டால், ‘நான் இவ்வளவுதான்’ என்று அவங்களே நம்பிவிடுவாங்க. இதற்கு முத்திரை குத்துதல் என்று பேர்.

முதலில் அவனை மதிக்காத மயிலு, தாயை இழந்து நின்றபோது அவன்தான் துணை. அப்போதுதான் அவன் நல்ல மனசு அவளுக்குத் தெரிகிறது. ‘சப்பாணின்னு கூப்பிட்டா அறைஞ்சிடு’ என்கிறாள். அவனும் நிமிர்கிறான். குறையை விட்டுப் பலத்தைப் பார்ப்பது இதுதான்.

நாம் யாரையும் அறைய வேண்டாம், சட்டம் இருக்கு. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 92-வது பிரிவுப்படி, பலர் முன்னால் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 6 மாதம் முதல் 5 வருடம் வரை சிறை.

சட்டத்துக்கு முன்னாடி நம்ம குழு இருக்கு. நம் தெருவில் ‘நொண்டி’, ‘செவிடி’ என்று கூப்பிடுகிற அக்காவின் சொந்தப் பேர் நமக்குத் தெரியுமா? அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பேரைச் சொல்லி அழைப்போம். என்ன வேலை தெரியும் என்று கேட்போம். உறுப்பினராகச் சேர்ப்போம்!