மாளிகையின் நான்கு மணி

பிற்பகல் தேநீர் என்பது, மதிய உணவுக்கும் இரவு விருந்துக்கும் இடையில், பெரும்பாலும் நான்கு மணியை ஒட்டி, இல்லத்தார் விருந்தினரோடு அமர்ந்து தேநீருடன் சிறிது உப்புப் பண்டமும் சிறிது இனிப்பும் கொள்கிற ஆங்கிலேயச் சிற்றுணவு வேளைக்குப் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் உயர்குடி இல்லங்களில் இரவு உணவு ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் தள்ளிப்போனபோது நண்பகல் உணவுக்குப் பின் நீண்ட இடைவெளி விழுந்தது. அந்த வேளையில் வந்த சோர்வைப் போக்க, பெட்ஃபோர்டு கோமகள் அன்னா மரியா 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேநீரையும் ரொட்டியையும் வெண்ணெயையும் தம் அறைக்கு வரவழைத்து, நாளடைவில் தோழியரையும் உடன் அழைத்துக்கொண்டார் என்பது அந்நாட்டில் வழங்கிவரும் செய்தி. ஒரு சீமாட்டியின் பசியிலிருந்தே ஒரு நாட்டின் வழக்கம் பிறந்துவிட்டது என்று முழுவதும் நம்ப வேண்டியதில்லை; 1784இல் தேயிலை வரி 119 விழுக்காட்டிலிருந்து 12.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதும், 1839இல் அசாம் தேயிலை இலண்டனில் முதன்முதலாக ஏலத்துக்கு வந்ததும் கோமகள் கோப்பையை ஏந்துவதற்கு முன்பே நிகழ்ந்துவிட்ட மாற்றங்கள்.

நம் நட்சத்திர விடுதிகள் இந்த வேளைக்கு ‘ஹை டீ’ என்று பெயரிட்டு, அதை ஏதோ உயர்குடிச் சடங்குபோல விளம்பரம் செய்கின்றன. இங்கிலாந்தில் அச்சொல் ஆலையிலும் சுரங்கத்திலும் உழைத்துத் திரும்பியவர்கள் மாலையில் உணவு மேசையில் அமர்ந்து இறைச்சியோடும் ரொட்டியோடும் உண்ட முழு உணவைக் குறித்தது என்பதால், சீமாட்டிகள் வரவேற்பறையில் தாழ்ந்த மேசையைச் சுற்றி அமர்ந்து அருந்திய தேநீருக்கு அது சற்றும் பொருந்தாது.

அன்னா மரியாவின் இல்லமான வோபர்ன் ஆபி, தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தின் உடைமையாக இருந்து, பரந்த நிலங்களின் வருவாயில் வாழ்ந்த பெருமாளிகைகளுள் ஒன்று. இருபதாம் நூற்றாண்டில் வாரிசுகள்மீது விழுந்த இறப்பு வரி, அதாவது உடைமையாளர் மறைந்தவுடன் அவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்புக்கேற்ப அரசு தண்டும் வரி, இத்தகைய மாளிகைகள் பலவற்றை விற்பனைக்கும் இடிபாட்டுக்கும் தள்ளியபோது, வோபர்ன் 1955இல் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்தது. அனுமதிச் சீட்டு வாங்கி உள்ளே வந்து, ஓவியங்களையும் தோட்டத்தையும் சுற்றிப் பார்த்தவர்களுக்கு மாளிகையின் ஒரு மூலையில் தேநீரும் கேக்கும் விற்கும் ஏற்பாடு அந்நாட்டில் பரவியது. ஒரு காலத்தில் அழைப்புப் பெற்றவர்க்கு மட்டும் கிடைத்த தேநீர், பிற்காலத்தில் கூரையைப் பழுதுபார்க்கும் செலவில் ஒரு பங்கை ஈட்டித் தரும் பண்டமாக மாறிய கதை இது.

இந்தத் தேநீர் வழக்கம் நம் பெரிய வீடுகளை எப்படி வந்தடைந்தது என்று பார்க்க, திருச்செங்கோட்டு வட்டாரத்தில் இத்தகைய ஒரு பெருங்குடும்பத்தைத் தேடுபவருக்கு முதலில் நினைவில் எழுவது குமாரமங்கலம் ஜமீன். அர்த்தநாரீசுவரர் மலையைப் பார்த்தபடி அமைந்த இச்சமவெளியில், 1889இல் அக்குடும்பத்தில் பிறந்த ப. சுப்பராயன் சென்னையில் நியூயிங்டன் பள்ளியில் பயின்றவர். தந்தையை இழந்த இளவயது ஜமீன்தார்களின் உடைமைகளை அவர்கள் வயதுக்கு வரும்வரை நிருவகித்த ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ என்னும் அரசுத் துறையோடு தொடர்புடைய அப்பள்ளியின் நோக்கம், மைனர் ஜமீன்தார்களை ஆங்கிலேயக் கனவான்களின் நடையுடை பாவனைக்குப் பழக்குவதாகும். அங்கிருந்து மாநிலக் கல்லூரிக்கும் பின்னர் ஆக்ஸ்ஃபோர்டின் வாதம் கல்லூரிக்கும் சென்ற சுப்பராயன், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தார். 1913இல் பிறந்து பின்னாளில் இந்தியத் தரைப்படைத் தளபதியான அவருடைய மகன் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலமும், பொதுவுடைமை இயக்கத்தில் வளர்ந்து மத்திய அமைச்சரான இன்னொரு மகன் மோகன் குமாரமங்கலமும் இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியில் படித்தவர்கள். மாணவர்கள் பிற்பகலில் சிறு குழுக்களாகக் கூடித் தேநீர் தயாரித்து அருந்துவது ஈட்டன் விடுதி வாழ்க்கையின் நெடுநாள் பழக்கமாகையால், நான்கு மணித் தேநீர் குமாரமங்கலத்துப் பிள்ளைகளைச் சமையற்கட்டின் வழியாக அன்றிப் பள்ளிக்கூடத்தின் வழியாகவே வந்தடைந்திருக்கும் என்று கொள்வதில் பிழையில்லை.

பள்ளிக்கு அடுத்துத் தேநீர் நுழைந்த வாயில் கிரிக்கெட். ஐந்து நாள் ஆட்டத்தில் பிற்பகலில் விடப்படும் இருபது நிமிட இடைவேளைக்குத் தேநீர் என்றே பெயர். ஒரு பானத்தின் பெயரில் ஆட்டத்தையே நிறுத்திவைக்கும் விளையாட்டு உலகில் வேறு உண்டா என்பது ஐயமே. அந்த விளையாட்டை நடத்தும் இந்தியக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவராக 1930களின் பிற்பகுதி முதல் 1946 வரை இருந்தவர் இதே சுப்பராயன்.

மூன்றாவது வாயில் உதகமண்டலம். கோடை மாதங்களில் சென்னை மாகாண அரசு ஆளுநரோடும் கோப்புகளோடும் மலையேறிவிடுவது வழக்கமாக இருந்ததால், சமவெளியின் ஜமீன்தார்களும் வழக்கறிஞர்களும் அதிகாரிகளும் ஆங்கிலேயரோடு தேநீர் மேசையைப் பகிர்ந்துகொள்ளும் வாய்ப்பு அங்கேதான் மிகுதியாக அமைந்தது. 1875 முதல் 1880 வரை ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகன் அங்கு எழுப்பிய ஆளுநர் மாளிகை, இங்கிலாந்தில் தம் குடும்பத்துக்கு உரியதாயிருந்த ஸ்டோ மாளிகையின் சாயலில் அமைந்தது. அந்த மூல மாளிகையைக் கட்டிக்காக்க இயலாமல் குடும்பம் கைவிட, 1923இல் அது பள்ளிக்கூடமாயிற்று. சாயலோ நீலகிரியில் அரசு இல்லமாகவே நிலைத்துவிட்டது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களின் தொடக்கத்தில் கட்டிய கல்வீடு பின்னாளில் அரசு கலைக் கல்லூரியின் பகுதியாயிற்று. 1840களில் எழுந்த ஃபெர்ன்ஹில் மாளிகையை 1873இல் மைசூர் அரச குடும்பம் வாங்கியது. அது பின்னர் விடுதியாக மாறி, கட்டணம் செலுத்தியவர் எவரும் அரண்மனை விருந்தினராகலாம் என்ற நிலை பிறந்தது.

இவ்வளவு வாயில்கள் இருந்தும் தேநீர் சமவெளியின் பெரிய வீடுகளில் சடங்காக வேரூன்றவில்லை என்பதற்குக் காரணம், அந்த இடம் முன்பே நிரம்பியிருந்தது என்பதுதான். கொங்கு நாட்டில் வீட்டுக்கு வந்தவரை “வாங்க, உக்காருங்க” என்று வரவேற்றவுடன் ஒரு சொம்புத் தண்ணீரும், வெயில் வேளையாக இருந்தால் மோரும் நீட்டப்படும். பிற்பகலில் முறுக்கோ கச்சாயமோ பணியாரமோ தட்டில் வரும். வந்தவரைத் திண்ணையில் அமர்த்துவதா, ஆசாரத்துக்குள் அழைப்பதா, முற்றத்தோடு நிறுத்துவதா என்பதில் உறவும் சாதியும் வரையறுத்த கணக்கு ஒன்று இருந்தது. ஆங்கில மாளிகையின் அழைப்பிதழைவிட அது இரக்கமற்றது. பானமென்றால் அருகிலுள்ள மலை தேயிலை மலை அன்று. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் ஏற்காட்டில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்திய நாள் முதல் சேர்வராயன் மலை காப்பியின் மலையாகவே இருந்துவருகிறது. கோவைக் கலெக்டரின் மலை பிற்காலத்தில் தேயிலைக்கும், சேலம் கலெக்டரின் மலை காப்பிக்கும் போய்விட்டதால், வசதி படைத்த திருச்செங்கோட்டு வீடுகளில் பால் காப்பி மதிப்புக்குரிய பானமாயிற்று, மற்றவர்க்குக் கருப்பட்டி போட்ட வரக்காப்பி. தேநீர் வெகுகாலம் வெளியாள் போலவே இருந்தது.

தேநீருக்கு எதிரான குரலும் இதே வட்டாரத்தில் ஒலித்தது. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925இல் இராஜாஜி நிறுவிய காந்தி ஆசிரமம் கதரையும் மதுவிலக்கையும் தன் முதன்மைப் பணிகளாகக் கொண்டது. கல்கி கிருஷ்ணமூர்த்தி பணியாற்றிய ‘விமோசனம்’ என்னும் மதுவிலக்கு இதழ் அங்கிருந்துதான் வெளிவந்தது. காந்தியடிகள் கள்ளை மட்டும் கண்டிக்கவில்லை, தேநீர், காப்பி, கோகோ ஆகிய எதுவும் உடலுக்குத் தேவையில்லை என்றே கருதினார். அக்கருத்தை அவர் 1942இல் புனேயில் ஆகாகான் அரண்மனையில் சிறைவைக்கப்பட்டிருந்தபோது எழுதிய உடல்நல நூலில் காணலாம். ஓர் அரண்மனையில் அமர்ந்து தேநீரை மறுத்து எழுதிய சிறைவாசியின் செயலில் ஒரு முரண்நகை இருப்பதை அவரே கவனித்திருந்தால் சிரித்திருப்பார். 1937 அக்டோபர் முதல் நாள், அன்று நாமக்கல்லையும் திருச்செங்கோட்டையும் உள்ளடக்கியிருந்த சேலம் மாவட்டத்தில் இராஜாஜி அமைச்சரவை மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, அந்த அமைச்சரவையில் சட்டத்துக்கும் கல்விக்கும் பொறுப்பேற்றிருந்தவர் குமாரமங்கலம் ஜமீன்தார் சுப்பராயன். கள்ளுக்கடை மூடிய ஊரில் உழைத்துக் களைத்தவர்கள் மாலையில் கூடி அமர வேறோர் இடம் வேண்டியிருந்தது. தேயிலை வணிகர்கள் அந்தப் பத்தாண்டில் ஊர் ஊராகச் சென்று விளம்பரம் செய்துகொண்டிருந்தார்கள். மாளிகைக்குள் நுழையத் தயங்கிய தேநீர் தெருவில் பெஞ்சு போட்டுக்கொண்டது.

தேநீர்த் தட்டில் வெளியே தெரியாத ஒரு கணக்கும் உண்டு. இலங்கையில் 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பித் தோட்டங்களை அழித்தபின், ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே லூல்கந்துரையில் பயிரிட்டுக் காட்டியிருந்த தேயிலை அவற்றின் இடத்தைப் பிடித்தது. அத்தோட்டங்களுக்குக் கங்காணிகள், அதாவது ஆள் திரட்டி முன்பணம் கொடுத்து அழைத்துச் சென்ற மேற்பார்வையாளர்கள், திருச்சி, மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களோடு சேலம் மாவட்டத்திலிருந்தும் மக்களைக் கொண்டுபோனார்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப வகைசெய்தது. அவ்வாறு திரும்பியவர்களுள் பலருக்கு நீலகிரியில், இன்று டான்டீ என்று அறியப்படும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை அளிக்கப்பட்டது. தோட்டத் துரையின் பங்களாவில் வெள்ளிக் கரண்டியால் கலக்கப்பட்ட தேநீருக்கான கொழுந்தைக் கிள்ளியவர்கள் தங்குவதற்கு லயம் என்ற ஓரறை வரிசை வீடுகள்தான் இருந்தன. இப்போது அந்தப் பங்களாக்கள் சிலவற்றில் நாள் வாடகைக்குத் தங்கி, புல்வெளியில் தேநீர் அருந்தும் பயணிகளுக்கு லயத்தைக் காட்டும் வழிகாட்டி பெரும்பாலும் அமைவதில்லை.

பழைய மாளிகையொன்றில் பிற்பகல் தேநீரைச் சுவைத்துப் பார்க்க விரும்புபவர் அதன் ஒழுங்கை அறிந்து செல்வது நல்லது. மூன்றடுக்குத் தட்டின் கீழடுக்கில் மெல்லிய வெள்ளரித் துண்டு வைத்த ஓரம் நீக்கிய சாண்ட்விச்சும், நடுவில் ஸ்கோனும், மேலே சிறு கேக்குகளும் வைத்து, கீழிருந்து மேலாக உண்டு செல்வது பரவலான முறை. ஸ்கோன் என்பது மாவையும் வெண்ணெயையும் பாலையும் பிசைந்து, ஈஸ்ட் சேர்க்காமல் சோடா உப்பின் துணையால் எழும்பவைத்துச் சுடும் சிறு ரொட்டி. அதைக் கத்தியால் அறுக்காமல் கையால் பிட்டு, கெட்டிப் பாலாடையும் பழக்கூழும் தடவுவார்கள். இவ்விரண்டில் எதை முதலில் தடவுவது என்பதில் டெவன், கார்ன்வால் ஆகிய இரு மாவட்டத்தாரிடையே நிலவும் பூசல் நம் ஊர்ப் பங்காளிச் சண்டைக்கு இளைத்ததன்று.

தேயிலையைப் பொறுத்தவரை மாளிகைக்கும் கடைக்கும் உள்ள வேறுபாடு தொழிற்சாலையிலேயே தொடங்குகிறது. கிள்ளிய கொழுந்தை வாட்டி, முறுக்கி, காற்றோடு வினைபுரியவிட்டு, உலர்த்தி, இலை வடிவம் பெரிதும் சிதையாமல் எடுப்பது ஆர்த்தோடாக்ஸ் முறை. 1930களின் தொடக்கத்தில் அசாமில் உருவான சி.டி.சி. முறையோ, பற்கள் கொண்ட உருளைகளுக்கிடையே இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்குகிறது. குருணையும் தூளும் பாலோடு கொதிக்கும்போது விரைந்து நிறமும் துவர்ப்பும் இறங்கும். ஒரு கிலோவில் தேறும் கோப்பைகளும் மிகுதி என்பதால் கடைக்காரருக்கு அதுவே கட்டுபடியாகும். இலைத் தேயிலைக்கு அந்த வன்முறை ஆகாது. ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி வீதம் சூடேற்றிய பீங்கான் குடுவையில் இட்டு, அப்போதுதான் கொதித்த நீரை ஊற்றி, மூன்று முதல் ஐந்து நிமிடம் மூடிவைத்து வடித்தால் போதும். அதற்குமேல் ஊறினால் மணம் குறைந்து கசப்பு மேலோங்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலத்தில் செடி மெல்ல வளர்வதால் நீலகிரிக் கொழுந்தில் மணம் செறிந்திருக்கும். அக்காலத் தேயிலையைப் பாலும் சர்க்கரையும் இன்றிப் பருகினால்தான் அதன் விலைக்குக் காரணம் விளங்கும்.

1948ஆம் ஆண்டின் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் ஜமீன்முறை ஒழிந்தபோது மாளிகைகளைத் தாங்கிய நில வருவாய் நின்றுபோயிற்று. வோபர்னைப் போலச் சீட்டுக் கிழித்துக் கதவு திறக்கும் வழியைத் தமிழ்நாட்டின் ஜமீன் இல்லங்கள் பெரும்பாலும் மேற்கொள்ளவில்லை; வணிகர்களின் ஊராகிய செட்டிநாட்டில்தான், கானாடுகாத்தான், காரைக்குடி முதலிய இடங்களில், பெரிய வீடுகள் சில விடுதிகளாகி விருந்தினரை ஏற்கின்றன. திருச்செங்கோட்டில் நான்கு மணியைக் காப்பவை பேக்கரிகள். கொங்கு நாட்டில் தேநீர்க்கடையென்றாலே பெரும்பாலும் பேக்கரிதான். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளின் ஆட்களும், லாரி பாடி கட்டும் பட்டறைக்காரர்களும், விசைத்தறியை நிறுத்திவிட்டு வந்தவர்களும் அங்கே ஒரு பப்ஸ், ஒரு தேங்காய் பன், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கி ஒன்று, ஒரு கிளாஸ் தேநீர் என்று வாங்கிக்கொள்கிறார்கள். உப்பு, இனிப்பு, ரொட்டி, தேநீர் என்ற கோமகளின் வரிசை இங்கே ஒன்றும் குறையவில்லை. அழைப்பிதழ் கேட்பாரும் இல்லை. அமர நாற்காலி கிடைப்பது மட்டும் உறுதியில்லை.