தந்தி சொல்லும் கதை – 9: மேபெல் கார்ட்டரின் எல்-5

1927 ஆகஸ்ட் தொடக்கம். அமெரிக்காவின் வர்ஜீனியா மலைப்பகுதியில் உள்ள மேசஸ் ஸ்பிரிங் என்ற சிற்றூரிலிருந்து மூன்று பேர் பிரிஸ்டல் நகருக்கு வந்து சேர்ந்தார்கள்: ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, மேபெல். மேபெல் சாராவுக்கு ஒன்றுவிட்ட தங்கை, ஏ.பி.யின் தம்பியைக் கட்டிக்கொண்டதால் ஓரகத்தியும் ஆனவர். வயது பதினெட்டு. பிள்ளைப்பேற்றுக்கு இன்னும் ஐந்தாறு வாரமே இருந்தது. அந்த நிலையிலும் விக்டர் இசைத்தட்டு நிறுவனத்தின் ரால்ஃப் பியர் முன்னால் உட்கார்ந்து கிட்டார் வாசித்தார். இரண்டு நாளில் ஆறு பாடல்கள் பதிவாயின. பாட்டுக்கு 50 டாலர் கூலி.

இசைத்தட்டுகள் விற்றன. மறுவருடமே மேபெல் கைக்கு ஒரு புதிய கிட்டார் வந்தது: கிப்சன் எல்-5, விலை 275 டாலர். அதே காலத்தில் ஃபோர்டு நிறுவனத்தின் புதுக் கார் 385 டாலரிலிருந்து கிடைத்தது. மலைக் கிராமத்துக் குடும்பம் ஒன்று கார் வாங்குகிற அளவுக்குப் பக்கத்தில் போய், கிட்டார் வாங்கியது!

ஏன் அந்த விலை என்பதை அதன் முகப்பலகையைப் பார்த்தால் புரியும். சாதாரண கிட்டாரின் முகப்பு தட்டையான மெல்லிய பலகை. எல்-5-இன் முகப்போ கனத்த ஸ்ப்ரூஸ் மரத்தைக் குடைந்து எடுத்தது. நடுவில் மேடாகவும் ஓரம் நோக்கித் தாழ்ந்தும் வருமாறு வெளிப்புறத்தைச் செதுக்கி, அதே வளைவில் உட்புறத்தையும் இழைப்பார்கள். ‘ஆர்ச்டாப்’ என்ற பெயர் அந்த மேட்டினால் வந்தது. வயலின் செய்யும் முறையை மாண்டலினுக்கும் கிட்டாருக்கும் கொண்டுவந்தவர் ஆர்வில் கிப்சன். 1898-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் அவர் பெயரில் எழுந்த தொழிற்சாலையில், 1922-இல் லாய்ட் லோர் என்ற இசைக் கலைஞரின் மேற்பார்வையில் எல்-5 உருவானது. நம் கச்சேரி மேடை வயலினில் எல்லாரும் பார்த்திருக்கும் ‘எஃப்’ வடிவத் துளைகள் கிட்டாரில் இடம்பிடித்தது அதிலிருந்துதான். கழுத்துக்குள் ஓர் எஃகுக் கம்பி ஓடுகிறது. கழுத்து வளைந்தால் அதைத் திருகி நேராக்கிக்கொள்ளலாம்.

தந்திகளைத் தாங்கும் குதிரையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். சாதாரண கிட்டாரில் அது முகப்போடு ஒட்டியிருக்கும். இதில் பசையே கிடையாது. தந்திகளின் முனை உடலின் அடிவிளிம்பில் மாட்டிய உலோகப் பட்டையில் பிணைந்திருக்க, அவை மேலேறிக் குதிரையைத் தாண்டி இறங்குகின்றன. அந்த அழுத்தம் மட்டுமே குதிரையை நிறுத்துகிறது. ஆறு தந்தியையும் ஒரே நேரத்தில் கழற்றினால் குதிரை கையோடு வந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் ஒவ்வொன்றாகத்தான் மாற்றுவார்கள்.

இந்த அமைப்பினால் நாதம் சட்டென்று எழும், சட்டென்று அடங்கும். கார்வை குறைவு, ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் காதில் விழும். ஒலிபெருக்கி கிட்டாருக்கு வந்திராத நாளில், ட்ரம்பெட்டுக்கும் டிரம்ஸுக்கும் நடுவே கேட்க வேண்டுமே! எடி லாங் போன்ற ஜாஸ் கலைஞர்கள் எல்-5-ஐ விரும்பியதற்கு அது போதுமான காரணம்.

மேபெலுக்கு வேறு காரணம் இருந்தது. அந்நாளில் கிட்டார் பாட்டுக்குப் பின்னால் தாளம் கொடுக்கும் வாத்தியம். அவரோ கட்டைவிரலால் கனத்த தந்திகளில் பாட்டின் மெட்டையே வாசித்தார். அதே கையின் ஆள்காட்டி விரல் மெல்லிய தந்திகளை வருடித் தாளத்தைப் பிடித்துக்கொண்டது. ‘கார்ட்டர் ஸ்க்ராட்ச்’ என்று இதற்குப் பேர். அடித்தந்தியில் மெட்டு தெளிவாக ஒலிக்க வேண்டுமென்றால் எல்-5 போன்ற வாத்தியம் பெரும் துணை. ‘வைல்ட்வுட் ஃபிளவர்’ பாட்டை அவர் பாணியில் வாசிக்கக் கற்றுக்கொள்வது அமெரிக்க நாட்டுப்புறக் கிட்டார் மாணவர்களுக்கு இன்றைக்கும் பால பாடம்.

1943-இல் மூவர் குழு கலைந்தது. பிறகு ஹெலன், ஜூன், அனிதா என்ற தன் மூன்று மகள்களைச் சேர்த்துக்கொண்டு மேபெல் மேடையேறினார். வாய்ப்புகள் குறைந்த நாட்களில் நாஷ்வில்லில் நோயாளிகளைப் பராமரிக்கும் வேலையும் பார்த்தார். 1978-இல் காலமாகும்வரை அரை நூற்றாண்டு அந்த எல்-5 அவருடையதாகவே இருந்தது.

ஆர்ச்டாப் ஒன்று இவ்வளவு காலம் தாங்குவது சாதாரணமல்ல. இரவும் பகலும் தந்திகள் முகப்பை அழுத்துவதால் மேடு மெல்ல அமிழலாம். உள்ளே ஒட்டிய தாங்குசட்டங்கள் பசை விடலாம். செல்லுலாய்டால் செய்த விரல்காப்புத் தகடு பழசானால் பொடிந்துபோவதோடு, அதிலிருந்து கிளம்பும் ஆவி பக்கத்து உலோகத்தையும் அரித்துவிடும். காற்று வறண்டால் மரம் வெடிக்கும், ஈரம் கூடினால் உப்பும். ஈரப்பதத்தை ஏறத்தாழ 45 முதல் 55 சதவீதத்துக்குள் நிறுத்துவதே பாதுகாவலர்களின் அன்றாடக் கவலை.

2000-களின் நடுவில் அந்தக் கிட்டார் 5,75,000 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தபோது, தனியார் பெட்டகத்துக்குள் போய் மறைந்துவிடுமோ என்று ரசிகர்கள் பதறினார்கள். நன்கொடை கிடைத்து, நாஷ்வில் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகமே அதை வாங்கியது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்!

அதே அருங்காட்சியகத்தில் இன்னொரு கிப்சன் இருக்கிறது: 1923-இல் லாய்ட் லோர் கையெழுத்திட்ட, இசைக் கலைஞர் பில் மன்றோவின் மாண்டலின். 1985-இல் வீடு புகுந்த ஒருவன் அதை அடித்து நொறுக்கினான். கலமசூவில் பிறந்த அந்த வாத்தியத்தின் சில்லுகளைப் பொறுக்கியெடுத்து மீண்டும் பேசவைத்த கதை அடுத்த வாரம்.

(தொடரும்)