ஒற்றைப் பலகையில் நீர்ச்சறுக்கு

நாற்பது வயதை எட்டிய ஒருவர் வீணை கற்கத் தொடங்கினால் உலகம் அவரைப் பாராட்டுகிறது. அவரே ஒரு விளையாட்டைக் கற்கப் புகுந்தால், "இந்த வயதில் இது எதற்கு?" என்று கேட்கிறது. விழுவதும் எழுவதும் குழந்தைகளுக்கே உரியவை என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். விழுந்தால்தான் கற்க முடியும் என்ற நிலையில் உள்ள ஒரு விளையாட்டை வளர்ந்தோர் எவ்வாறு அணுகலாம் என்பதை இங்கே ஆராய்வோம். அவ்விளையாட்டு, விசைப்படகின் பின்னே கயிற்றைப் பற்றிக்கொண்டு நீர்ப்பரப்பின்மேல் வழுக்கிச் செல்லும் நீர்ச்சறுக்கு. அதிலும் குறிப்பாக, ஒரே பலகையில் நின்று வளைந்து வளைந்து செல்லும் 'ஸ்லாலம்' என்ற பிரிவு.

இவ்விளையாட்டு பிறந்த கதையே அதன் முதற்பாடம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், மிசிசிப்பி ஆறு விரிந்து பரந்து பெபின் ஏரியாகத் தோன்றும் இடத்தில் லேக் சிட்டி என்னும் ஊர் இருக்கிறது. அவ்வூர் இளைஞர் ரால்ஃப் சாமுவேல்சன், பனியில் சறுக்கும் பலகைகளை நீரிலும் பயன்படுத்தலாமே என்று எண்ணினார். பீப்பாய்ப் பலகைகளைக் கட்டிப் பார்த்தார், மூழ்கினார். பனிச்சறுக்குப் பலகைகளைக் கட்டிப் பார்த்தார், மீண்டும் மூழ்கினார். பின்னர் எட்டடி நீளமும் ஒன்பது அங்குல அகலமும் உள்ள இரண்டு பைன் பலகைகளை வாங்கி, அவற்றின் நுனிகளைக் கொதிநீரில் இட்டு மேல்நோக்கி வளைத்தார். 1922ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள், உடலைப் பின்னே சாய்த்துப் பலகையின் நுனிகளை நீருக்கு மேலே நிறுத்தியபோது, படகு அவரைத் தூக்கி நிறுத்தியது. தாமே எழ முயன்ற வரையில் அவர் மூழ்கினார். படகு எழுப்பும்படி விட்டபோது எழுந்தார்.

இக்கலை விரைவில் பரவியது. 1946இல் இதற்கென ஓர் அனைத்துலகச் சங்கம் தோன்றியது. 1949இல் பிரான்சு நாட்டின் ழுவான்-லெ-பான் என்னும் கடற்கரை ஊரில் முதல் உலகப் போட்டி நடைபெற்றது. 1972இல் மூனிக் ஒலிம்பிக் விழாவில் இது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கென்றே தனியாக உலகப் போட்டிகளும் நடைபெறுகின்றன என்பதை வயதுக்கு அஞ்சும் நேயர்கள் கருத்திற் கொள்ளவேண்டும்.

'ஸ்லாலம்' என்பது நார்வே மொழிச் சொல். சரிவில் செல்லும் தடம் என்று பொருள்படும். பனிமலைச் சரிவில் வளைந்து இறங்கும் சறுக்கலுக்கு வழங்கிய பெயர், நீர்மேல் வளைந்து செல்வதற்கும் ஆகிவந்தது. இதன் களம் 259 மீட்டர் நீளமுடையது. படகு நடுவே நேர்கோட்டில் செல்லும். இருபுறமும் மாறி மாறி ஆறு மிதவைகள், நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தொலைவில் நிற்கும். சறுக்குபவர் நுழைவாயிலின் ஊடே புகுந்து, ஆறு மிதவைகளையும் வெளிப்புறமாகச் சுற்றி, மறுவாயில் வழியாக வெளியேற வேண்டும்.

ஒருமுறை வென்றால் படகின் வேகம் மூன்று கிலோமீட்டர் கூட்டப்படும். ஆடவர்க்கு மணிக்கு 58 கிலோமீட்டரும், மகளிர்க்கு 55 கிலோமீட்டரும் உச்ச வேகம். அதன்பின் வேகம் கூடாது; கயிறு குறையும். முதலில் 18.25 மீட்டராக இருக்கும் கயிறு 16, 14.25, 13, 12 எனப் படிப்படியாகக் குறுகி 11.25 மீட்டருக்கு வரும்போது ஒரு விந்தை நிகழ்கிறது. மிதவையோ 11.5 மீட்டர் தொலைவில் நிற்கிறது. கயிறோ அதனினும் குட்டையாகிவிட்டது. எஞ்சிய தூரத்தைச் சறுக்குபவர் தம் உடலைச் சாய்த்து நீட்டியே எட்டவேண்டும். தேர்ந்த வீரர்கள் இதனினும் குறுகிய கயிற்றிலும் மிதவைகளைச் சுற்றிவருகிறார்கள்.

இவ்வளவும் கைவலிமையால் நடப்பதாகவே கரையில் நின்று காண்போருக்குத் தோன்றும். வளர்ந்தோர் தவறுவதும் இங்கேதான். கயிறு இழுத்தவுடன் கையை மடக்கித் தம்பக்கம் இழுப்பதும், உடனே முழங்காலை நிமிர்த்தி எழுந்து நிற்க முனைவதும் வளர்ந்தோர் இயல்பு. சிறுவர்க்கு அந்த வலிமை இல்லை. ஆதலின் அவர்கள் படகின் இழுப்புக்கு விட்டுக்கொடுத்து எளிதில் எழுந்துவிடுகிறார்கள். கையை மடக்கினால் கயிறு தளர்கிறது. தளர்ந்த கயிறு மறுகணம் வெடுக்கென்று இழுக்கிறது. சறுக்குபவர் முகங்குப்புற விழுகிறார்.

நம் வட்டாரத்தில் இதற்கு நல்ல உவமைகள் உண்டு. திருமலைப் பிரம்மோற்சவத்தின் எட்டாம் நாள் தேர்வடம் பிடிப்பவர்களைப் பாருங்கள். கைகள் நீண்டிருக்கும், உடல் முழுதும் சாய்ந்திருக்கும், எடைதான் இழுக்கும். முன்னாளில் கிணறுகளில் கபிலை ஓட்டியவர், மாடுகள் சரிவில் இறங்கும்போது வடத்தின்மேல் அமர்ந்து தம் எடையைக் கொடுப்பார். கையால் வடத்தை இழுத்துப் போராடமாட்டார். நீர்ச்சறுக்கிலும் அவ்வாறே. கைகள் நேராக இருக்க, தோள்கள் கீழிறங்க, இடுப்பு கைப்பிடியை நோக்கி முன்வர, உடல் படகுக்கு எதிராகச் சாயவேண்டும். அந்தச் சாய்வினால் பலகையின் விளிம்பு நீரை அறுத்துப் பக்கவாட்டில் விரைகிறது.

இனி, இக்கலையை எங்கே பழகுவது? சித்தூர், திருப்பதி வட்டாரங்கள் நீர்வளம் மிக்கவை அல்ல. பொன்முகலி எனத் தமிழில் வழங்கும் சுவர்ணமுகியும், சித்தூர் வழியே சென்று தமிழ்நாட்டில் பொன்னை ஆறு ஆகும் நீவா நதியும் மழைக்காலத்தை நம்பி ஓடுபவை. ஏரிகள் பல கோடையில் வற்றும். கல்யாணி அணையின் நீர் குடிநீர். அது விளையாட்டுக்கு உரியதன்று. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் அமைந்த திருப்பதி மாவட்டத்தில், சூளூர்ப்பேட்டைப் பக்கத்தில் பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி அடங்குகிறது. பரப்பில் அது பெரிது. ஆயினும் ஆழம் மிகக் குறைவு. பூநாரைகளுக்குப் புகலிடமான பறவைச் சரணாலயமும் ஆகும். அங்கே விசைப்படகு ஓட்டிச் சறுக்குவது பறவைகளுக்கும் கேடு, விழுவோருக்கும் கேடு. எனவே சறுக்க விரும்புவோர் வெளியூர் செல்லத்தான் வேண்டும். காச்மீரத்தின் ஸ்ரீநகர் ஏரிகளிலும், இலங்கையின் பெந்தோட்டை ஆற்றிலும் இவ்விளையாட்டு நெடுங்காலமாக அறிமுகமானது.

இதனால் மனம் தளரவேண்டுவதில்லை. இக்கலையின் முற்பகுதியை நம் ஊரிலேயே முடித்துக்கொள்ளலாம். முதலாவது, நீச்சல். நம் கிராமங்களில் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் இறக்கிக் கற்பித்த வழக்கத்தை முதியோர் அறிவர். இன்று நீச்சல் குளத்தில், கற்பிப்பவர் துணையோடு கற்பதே நலம். ஐம்பது மீட்டர் நீந்தவும், காலூன்றாமல் பத்து நிமிடம் மிதக்கவும் பழகியபின் படகை நாடுவது நல்லது. மிதவை அங்கி இருக்கிறதே என்று நீச்சலைத் தள்ளிவைத்தால், விழும்போது அச்சம் மேலிடும். அச்சம் மேலிட்டவர் கற்கமாட்டார்.

இரண்டாவது, தரைப்பயிற்சி. தரையில் அமர்ந்து முழங்கால்களை மார்போடு அணைத்துக் கொள்ளுங்கள். கயிறு கட்டிய கழியொன்றைக் கைகளை நீட்டிப் பிடியுங்கள். நண்பர் ஒருவர் மெல்ல இழுக்கட்டும். கையை மடக்காமல், அவர் இழுப்பினாலேயே குந்தியவாறு எழுந்து, பின்னர் மெல்ல நிமிருங்கள். நாளொன்றுக்கு இருபது முறை செய்தால், இரண்டு வாரத்தில் உடல் இதை ஏற்றுக்கொள்ளும். தொடையின் பின்தசைகளை நீட்டும் பயிற்சியும் இன்றியமையாதது. நீரிலிருந்து எழும்போது முழங்காலை நிமிர்த்திவிட்டால், உடல் முன்னே வளைந்து, அத்தசை இடுப்பெலும்பை விட்டுப் பிய்ந்துபோகும் அளவுக்கு அடிபடலாம். நீர்ச்சறுக்கில் புதியவர்களுக்கு நேரும் கடுங்காயங்களில் இது ஒன்று. இதய நோய், மூட்டு நோய் உடையோர் முன்னதாக மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, கருவிகளைத் தேர்ந்தெடுப்பது. முதற்பணத்தை மிதவை அங்கிக்கே செலவிடுங்கள். அது தரச்சான்று பெற்றதாய், உடலை இறுகப் பற்றுவதாய், பல வார்கள் உடையதாய் இருக்கவேண்டும். அணிந்தபின் தோள்பட்டையைப் பிடித்து ஒருவர் மேலே தூக்கினால், அங்கி காதுவரை ஏறக்கூடாது.

பலகையின் நீளத்தை உயரம் பார்த்துத் தேர்வதில்லை. உடல் எடையும் படகின் வேகமும் பார்த்தே தேர்கிறோம். எடை கூடினால் பலகை நீளவேண்டும். வேகம் குறைந்தாலும் நீளவேண்டும். மெதுவாகச் செல்லும் பலகை அதே எடையைத் தாங்க மிகுந்த பரப்பு வேண்டும் என்பதே காரணம். ஏறத்தாழ 60 கிலோ எடையுள்ளவர்க்கு 65 அங்குலமும், 75 கிலோ உள்ளவர்க்கு 67 அங்குலமும், 85 கிலோவுக்கு மேற்பட்டவர்க்கு 68 அல்லது 69 அங்குலமும் பொருந்தும். தொடக்கநிலையினர் அகலம் மிகுந்த பலகையை நாடவேண்டும். போட்டி வீரர்களின் குறுகிய பலகை விலை மிகுந்தது. புதியவர் கையில் அது அடங்காத குதிரை. முதற்பருவத்தில் வாடகைப் பலகையே போதும்.

பாதத்தைப் பிடிக்கும் உறை இறுக்கமாய் இருக்கவேண்டும். ஆயினும் விழும்போது காலை விடுவிக்கவேண்டும். முன்காலுக்கு முழு உறையும், பின்காலுக்கு விரல்களை மட்டும் செருகும் பட்டையும் உள்ள அமைப்பு புதியவர்க்கு ஏற்றது. கயிறு மிகுதியாக நீளாத வகையாக இருக்கட்டும். கையுறை பிடிப்புக்கு உதவும். கீழே விழும்போது நீர் விசையோடு உடலினுள் புகுந்து காயம் செய்வதுண்டு. ஆதலின் ஆடவரும் மகளிரும் தடித்த ரப்பர்த் துணியாலான காற்சட்டை அணிவது பாதுகாப்பு.

இவ்வாறு ஆயத்தமானவர் நீரில் இறங்கியபின் படிகளைத் தாண்டக்கூடாது. முதலில் இரண்டு பலகைகள். படகின் பக்கத்தில் நீட்டிய கழியைப் பற்றிக்கொண்டு எழக் கற்பிக்கும் இடங்களில் அம்முறையே எளிது. அடுத்தது நீண்ட கயிறு. அதன்பின், படகின் பின்னே எழும் அலைகளைக் குறுக்கே கடந்து வரப் பழகுதல். பிறகு ஒரு பலகையைச் சற்றே தூக்கி மற்றொன்றில் எடையை நிறுத்திப் பார்த்தல். எந்தக் கால் முன்னே நிற்பது என்பதை இங்கே அறியலாம். எந்தக் காலில் உறுதியாக நிற்கிறோமோ அதுவே பெரும்பாலும் முன்கால். அது நிலைத்தபின், ஒரு பலகையை நழுவவிட்டு, விடுபட்ட பாதத்தை மெதுவாகப் பின்பட்டையில் செருகலாம். ஒற்றைப் பலகையோடு ஆழ்நீரிலிருந்து எழுவது அதற்கும் அடுத்த படி. மிதவைகளுக்கு இடையே செல்வது கடைசிப் படி. அதையும் மெதுவான வேகத்தில், நீண்ட கயிற்றில் தொடங்க வேண்டும்.

படகில் ஓட்டுநரைத் தவிர, சறுக்குபவரையே நோக்கியிருக்கும் மற்றொருவர் கட்டாயம் இருக்கவேண்டும். பேச்சு கேளாது, சைகையே மொழி. கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டுக. கீழே என்றால் குறைக்க. தலையைத் தட்டினால் கரைக்குத் திரும்புக. கழுத்தின் குறுக்கே கையை வீசினால் பொறியை நிறுத்துக. விழுந்தவர் இரு கைகளையும் தலைக்குமேல் கோத்துக் காட்டினால் நலமாக இருக்கிறார் என்று பொருள். அவ்வாறு காட்டாதவரிடம் படகு உடனே திரும்பவேண்டும். பிற படகுகள் காணும்படி, விழுந்தவர் ஒரு பலகையை நீருக்கு மேலே நிமிர்த்திப் பிடிக்கட்டும். அவரைப் படகில் ஏற்றுமுன் பொறியை அடியோடு நிறுத்தவேண்டும்; சுழலும் விசிறி உயிரை வாங்கும். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ ஒருபோதும் சுற்றிக்கொள்ளலாகாது. நிலைகுலைந்தால் உடனே கைப்பிடியை விட்டுவிடுங்கள். களைப்புத் தோன்றிய பிறகு "இன்னும் ஒரே ஒருமுறை" என்று இறங்குவதும் வேண்டாம்.

ஒரு நாளில் எழ முடியாதவர் பலர். இரண்டாம் நாள் எழுபவர் பலர். இதில் நாணத்துக்கு இடமில்லை. பொறுப்புகளைச் சுமந்து, எதையும் தம் முயற்சியால் இழுத்தே பழகிய வளர்ந்தோர்க்கு, கையை நீட்டி, முழங்காலை மடக்கி, இழுக்கும் விசைக்குச் சற்றே இடங்கொடுத்துக் காத்திருப்பதுதான் அரிய பாடம். அந்த இரண்டு மூன்று நொடிகள் பொறுத்தவரைப் படகு நீரின்மேல் நிறுத்திவிடுகிறது. கடலையும் ஏரியையும் காணப் போவதற்கு நாள் இருக்கிறது. நீச்சலையும் தரைப்பயிற்சியையும் சித்தூரிலோ திருப்பதியிலோ, நம் ஊரில் இந்த வாரமே தொடங்கலாம்.