உப்புநீர் ஈன்ற பளிங்கு

அரிய கற்களைத் தேடிச் சேர்ப்பதில் இன்பங் காண்போர் உலகெங்கும் உளர். அவர்தம் பேழைகளில் பெரும்பாலும் தவறாது இடம்பெறுவது ஜிப்சம் என்னும் கனியத்தின் பளிங்கு. கண்ணாடியைப் போல் தெளிந்தது. ஏடு ஏடாகப் பிரிய வல்லது. நிலவொளியை நினைவூட்டும் மென்மையான பொலிவுடையது. எனவே, நிலவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'செலெனைற்று' என்று மேல்நாட்டார் இதற்குப் பெயரிட்டனர். நம் சித்த வைத்தியர்களோ இதனைக் கற்பூரச் சிலாசத்து என வழங்கி, பற்பமாக்கி மருந்தாகப் பயன்படுத்தினர்.

இப்பளிங்கு எங்ஙனம் பிறக்கின்றது? கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில் வாழ்வோர் இதனை அறிய நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. திருகோணமலைக் கடலிலிருந்து ஒரு லீற்றர் நீரை முகந்து வந்து, அகன்ற கண்ணாடித் தட்டில் ஊற்றி, ஆடி மாத வெயிலில் வைத்தாற் போதும். அந்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவை யாவும் ஒருங்கே வெளிப்படுவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, முறை தவறாமல் வெளிப்படுகின்றன.

நீர் பாதியாக வற்றும்போது சுண்ணாம்புப் பொருள் மெல்லிய வெண்படலமாகப் படியத் தொடங்கும். ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போது நுண்ணிய ஊசிகள் தோன்றும், அவையே ஜிப்சம். பத்தில் ஒரு பங்கு எஞ்சும் வேளையிலேதான் நாம் உண்ணும் உப்பு கனசதுரங்களாக உறையும். ஒரு லீற்றர் நீர் தரும் ஜிப்சம் இரண்டு கிராமுக்கும் குறைவே.

நிலாவெளி போன்ற இடங்களில் உப்பு விளைவிப்போரின் தொழில் இந்த ஒழுங்கையே பற்றி நிற்கின்றது. கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, ஜிப்சத்தை முன்னைய பாத்திகளிலேயே படியவிட்டு, எஞ்சிய செறிந்த நீரைத்தான் உப்புப் பாத்திக்குப் பாய்ச்சுகின்றனர். இம்முறை பிழைத்தால் உப்பு தூய்மை கெடும்.

தட்டிலே தோன்றுவன ஊசிகள் என்றால், கைப்பிடியளவான பளிங்கு எங்கிருந்து வந்தது? அதற்கு நெடுங்காலமும் அமைதியும் வேண்டும். மெக்சிக்கோ நாட்டின் நைக்கா சுரங்கத்தில், ஏறத்தாழ 300 மீற்றர் ஆழத்தில், 2000ஆம் ஆண்டில் ஒரு குகை வெளிப்பட்டது. அங்கே 11 மீற்றர் நீளமான ஜிப்சப் பளிங்குகள் தூண்களைப் போல் கிடந்தன. வெப்பநிலை மிகச் சிறிதே மாறிய வெந்நீரில், இலட்சக்கணக்கான ஆண்டுகளாக அவை வளர்ந்திருந்தன.

தமிழகத்தில் பெரம்பலூரை அடுத்த காரை என்னும் ஊரின் களிமண் நிலத்தைக் காண்போம். ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடலடிச் சேறாய் இருந்தது. இன்று அங்கே ஜிப்சம் நரம்புகளாக ஓடுகின்றது. களிமண் அடுக்குகளைக் குறுக்கே வெட்டியும் செல்கின்றது. ஆகவே, அடுக்குகள் படிந்த பின்னரே வெடிப்புகளின் வழியே நீர் ஊடுருவி இதனை விளைவித்தது என்பது புலனாகும்.

உப்புப் பாத்தி, வெந்நீர்க் குகை, களிமண் வெடிப்பு ஆகிய மூன்றிலும் பிறந்த பொருள் ஒன்றே: நீரைத் தன்னுள் அடக்கிய கல்சியம் சல்பேற்று. பெட்டிக்கு வந்த பின், கல்லை மட்டும் பார்த்து அதன் பிறப்பிடத்தை உறுதியாய்க் கூறுதல் அரிது. ஆதலால், எடுத்த இடம், நாள், எந்த அடுக்கில் எந்நிலையில் கிடந்தது என்பவற்றை அவ்விடத்திலேயே சீட்டில் எழுதி வைத்தல் வேண்டும். அச்சீட்டு தொலையுமாயின், கல்லின் அழகு எஞ்சும், வரலாறு மறையும்.

கல்லைப் பேணுவதிலும் கவனம் வேண்டும். இது நகத்தாற் கீறத்தக்க அளவு மென்மையானது. நீரில் ஊறவைத்தல் கூடாது. ஒரு லீற்றர் நன்னீர் இரண்டு கிராமளவு ஜிப்சத்தைக் கரைத்துவிடும். வெப்பத்திலும் வைத்தல் ஆகாது; இதன் எடையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு நீரே. 150 பாகை அளவிற் சூடேற்றினால் அந்நீரின் முக்காற் பங்கு நீங்கி, முறிந்த எலும்புக்குக் கட்டுப்போட உதவும் பாரிசுச் சாந்தாக மாறிவிடும்.

விடுமுறை நாளொன்றில் உங்கள் பிள்ளைகளோடு அந்தக் கண்ணாடித் தட்டை வெயிலில் வைத்துப் பாருங்கள். முதலில் தோன்றும் ஊசிகளைப் பிரித்தெடுத்து, ஒரு சிமிழில் இட்டு, இடத்தையும் நாளையும் எழுதி ஒட்டுங்கள். உங்கள் சேகரிப்பின் முதற் கல் அதுவே ஆகட்டும்.