குதிரை மறமும் குதிரைக் கேண்மையும்

தமிழகம் குதிரை பிறக்கும் நாடன்று. யானை நம் மலைகளிற் பிறந்தது. ஆவும் எருமையும் நம் முல்லையினும் மருதத்தினும் பெருகின. குதிரையோ கடல் கடந்தும் நெடுவழி நடந்தும் ஈண்டு வந்தது. வந்த பின்னும் அது நம் ஏரிற் பூட்டப்படவில்லை, அதன் பாலை நாம் உண்டதில்லை, இறைச்சியை விரும்பியதுமில்லை. விலையோ மிகுதி; தீனிச் செலவு அதனினும் மிகுதி. இத்தகைய ஒரு விலங்கைத் தமிழர் ஈராயிரம் ஆண்டுகளாக விரும்பி வைத்திருந்தமைக்குக் காரணம் யாது?

நாற்படையுள் ஒன்று, மன்னர்தம் பெருமிதத்தின் அறிகுறி என்பதே நம் வகுப்புகளில் இதற்கு வழக்கமாகக் கூறப்படும் விடை. அவ்விடை பொய்யன்று, ஆயினும் போதாது. படைக்கலமாக மட்டும் கருதப்பட்ட ஒன்றன்மேல் வேலுக்கும் வாளுக்கும் இல்லாத ஒருவகைப் பரிவு பாடல்களிற் படிந்திருப்பதைக் காண்கின்றோம். அப்பரிவினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிற் சொல்லை நோக்குவோம். மா, பரி, புரவி, இவுளி, கலிமா, பாய்மா எனப் பழந்தமிழில் இதற்குப் பெயர் பல. குதிரை என்னுஞ் சொல் குதித்தல் என்னும் வினையடியாற் பிறந்தது என்பாருளர். கன்னடத்தில் அது குதுரெ என வழங்கும். இவுளி என்பதற்கு இனச்சொல் தொலைவில், பலுச்சிசுத்தானத்துப் பிராகூய் மொழியில், உல்லி என்னும் வடிவிற் கிடைக்கின்றது. இன்று உலகெங்கும் வளர்க்கப்படும் குதிரைகளின் மூதாதையர் கீழ் வோல்கா, டான் ஆறுகளை யடுத்த புல்வெளியில் ஏறத்தாழக் கி.மு. 2200-ஆம் ஆண்டளவிலிருந்து பரவின என்று 2021-ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வு காட்டுகின்றது. அங்கிருந்து நம் நாடு வரை அவ்விலங்கு வந்த வழியில் இவுளி என்னுஞ் சொல் ஒரு மைற்கல் போல நிற்கின்றது. தொல்காப்பிய மரபியல் குதிரையின் பெண்ணைப் பெட்டை எனவும் ஆணைச் சேவல் எனவும் கூறுதற்கு இடந்தருகின்றது. பறவைக்குரிய சேவற் பெயர் இதற்கு எய்தியமை அதன் விரைவு கருதிப் போலும்.

கடல்வழி வந்த குதிரைகளைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் இருமுறை காட்டுகின்றார். பட்டினப்பாலையிற் காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் அவை இறங்குகின்றன. காஞ்சியில் ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், நீர்ப்பெயற்று என்னும் துறையில் வெள்ளிய பிடரி மயிரையுடைய புரவிகளை நாவாய்கள் கொணர்கின்றன. அத்துறையை மாமல்லபுரத்தோடு இயைத்துக் கூறுவாருளர். மதுரைக்காஞ்சியும் கலத்தில் வந்த புரவிகளைக் கூறும். எனவே, தொண்டை நாட்டார்க்குக் குதிரை கடல் தந்த செல்வம்.

இவ்வரவின் அளவைப் பிற்காலச் சான்றுகளே தெளிவாக்குகின்றன. கி.பி. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டி நாட்டைக் கண்ட வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினான் என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறும் எஞ்சவில்லை என்றும் எழுதுகின்றார். குதிரைக்கு மருந்தறிவார் இலர். வணிகரோ அத்தகையோர் அங்குச் செல்லாதவாறு பார்த்துக் கொண்டனர். ஆண்டுதோறும் விற்பனை நடக்க வேண்டுமன்றோ! நல்ல பெட்டையும் நல்ல சேவலும் கூடினும் கால் கோணிய குட்டியே பிறந்தது என்பதும் அவர் கூற்று. பாரசீக வரலாற்றாசிரியர் வசாபு, கைசுத் தீவின் வணிகத் தலைவர் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பட்டதையும், ஒரு குதிரைக்கு 220 செம்பொற் காசு விலை குறிக்கப்பட்டதையும் சொல்கின்றார். இங்கு அவற்றுக்கு வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெயிற் பக்குவம் செய்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தனர் என்றும், கொழுக்க வேண்டி நாற்பது நாள் கொட்டிலிற் கட்டி வைத்தனர் என்றும் அவர் வியப்போடு குறிக்கின்றார்.

இவ்விரு அயலார் கூற்றையும் மனத்திற்கொண்டு புறநானூற்றின் 299-ஆம் பாட்டைப் படித்தல் வேண்டும். பாடியவர் பொன்முடியார்; துறை குதிரை மறம். பருத்தியை வேலியாகக் கொண்ட சிற்றூர் ஒன்றன் தலைவனிடம் ஒரு குதிரை உள்ளது. அது உண்பது உழுந்தின் கோது. அதன் நடை ஓய்ந்த நடை. ஆயினும், போர் வந்தபோது கடலைக் கிழித்தோடும் தோணியைப் போல அது பகைப்படையைப் பிளந்து செல்கின்றது. மருத நிலத்துப் பெருமன்னரின் குதிரைகளோ நெய் கலந்த உணவை உண்டு கொழுத்தவை. பிடரி கொய்யப்பட்டு மாலையணிந்தவை. அவை முருகன் கோட்டத்தில் கலம் தொடாது விலகி நிற்கும் மகளிரைப் போல ஒதுங்கி நிற்கின்றன.

பொன்முடியார் கூறும் நெய்யுணவும், ஆயிரம் ஆண்டுக்குப் பின் வசாபு கண்ட வெண்ணெய்த் தானியமும் ஒரே வழக்கத்தின் இரு முனைகள் எனலாம். செல்வர் தம் குதிரையின்பாற் காட்டிய அன்பு பெரும்பாலும் தீனியாகவே வெளிப்பட்டது. நெய்யும் பாலும் குதிரையின் இயல்புணவல்ல; புல்லும் நாரும் மிக்க தீனியும் நாடோறும் ஓட்டமுமே அதன் உடலுக்கு ஒத்தவை. கொழுக்கவைத்துக் கட்டிவைத்த குதிரை நோயுறுதல் இயற்கை. உழுந்துக் கோது தின்ற சிற்றூர்க் குதிரையோ, வீட்டார் உண்டு கழித்ததை உண்டு, அவர் முற்றத்தில் நின்று, அவர் குரல் கேட்டு வளர்ந்தது. தலைவனும் குதிரையும் ஒரே வறுமையைப் பகிர்ந்து கொண்டவர்கள். இப்பாட்டை வீரப் பாட்டாக மட்டும் விளக்குவோர் இதனை விட்டுவிடுகின்றனர். உடைமை வேறு, கேண்மை வேறு என்னும் வேறுபாட்டைப் பொன்முடியார் தீனியைக் கொண்டே காட்டிவிட்டார் என்பது என் கருத்து.

இதற்கு அரண் செய்வது அதே துறையில் அமைந்த 273-ஆம் பாட்டு. எருமை வெளியனார் பாடியது. போர் முடிந்தது, எல்லார் குதிரைகளும் திரும்பின, தன் கணவன் ஏறிச் சென்ற குதிரை மட்டும் வரவில்லை என்று மனைவி கலங்குகின்றாள். இரண்டு பேராறுகள் கூடுமிடத்தில் நின்ற பெருமரம் போல அது சாய்ந்ததோ என ஐயுறுகின்றாள். கணவன் வரவில்லை என அவள் ஓரிடத்தும் சொல்லவில்லை. குதிரை வரவில்லை என்றே மீண்டும் மீண்டும் சொல்கின்றாள். அமங்கலத்தை வாயாற் கூற அஞ்சிய நயம் இது என்பர். அது பொருந்தும். எனினும், ஒன்றைச் சொன்னால் மற்றொன்றும் சொன்னதாகும் என்னும் அளவுக்கு அவ்வீட்டில் ஆளும் குதிரையும் இணைந்திருந்தாலன்றி அந்நயம் பிறத்தற்கு இடமில்லை. சிறு குடுமிப் புதல்வனையும் அவள் அதே மூச்சிற் குறிப்பிடுகின்றாள். குதிரை அவ்வில்லத்தின் உறுப்பு.

பெயரிடும் வழக்கும் இதனையே காட்டும். சிறுபாணாற்றுப்படை, காரி என்னும் குதிரையையுடைய காரியையும் ஓரி என்னும் குதிரையையுடைய ஓரியையும் வள்ளல் எழுவருள் வைத்துப் பாடுகின்றது. ஆள் பெயர் குதிரைக்கு ஆயிற்றா, குதிரைப் பெயர் ஆளுக்கு ஆயிற்றா? காரி கருநிறத்தையும் ஓரி பிடரி மயிரையும் உணர்த்துஞ் சொற்கள். இரண்டும் விலங்குக்கே முதற்கண் பொருந்துவன. ஆகலின் குதிரையே தலைவனுக்குப் பெயர் தந்தது எனக் கொள்ளலாம். மாசிடோனிய வேந்தன் அலெக்சாந்தர் தன் குதிரை புசிபாலசின் பெயரால் கி.மு. 326-இல் சீலம் ஆற்றங்கரையில் ஒரு நகரம் கண்டான்; அது வேந்தன் ஈந்த நினைவுச் சின்னம். தன் பெயரையே குதிரையோடு பகிர்ந்து கொண்ட மலைநாட்டுத் தலைவர் செயல் அதனினும் நெருக்கமுடையது. திருமங்கையாழ்வாரின் குதிரையை ஆடல்மா என வைணவ மரபு வழங்குதலும், தேசிங்குராசன் கதையில் பாராசாரியும் அவன் தோழனுடைய நீலவேணியும் மாந்தர்க்கு நிகரான கதை மாந்தராய் வருதலும் இவ்வழக்கின் தொடர்ச்சியே. செஞ்சியின் தேசிங்கு 1714-ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது இறந்தான். அவன் ஆண்ட காலம் மிகச் சிறிது. அவனை மக்கள் மறவாதிருந்தமைக்கு ஆட்சி காரணமன்று. எவரும் ஏறவியலாத குதிரையை இளைஞன் ஒருவன் வசப்படுத்தினான் என்னும் கதையே காரணம்.

குதிரையோடு பொழுது போக்குதல் அக்காலத்து எவ்வளவு இயல்பாயிருந்தது என்பதற்கு மருதக்கலிப் பாட்டொன்று நகைச்சுவையான சான்று தருகின்றது. பரத்தையிடமிருந்து காலந்தாழ்த்து வந்த தலைவன், எங்கிருந்தீர் என்ற தலைவியிடம், குதிரை ஊர்ந்து வருகின்றேன் என்கின்றான். அக்குதிரையை யான் அறிவேன் எனத் தொடங்கும் தலைவி, பரத்தையின் கூந்தலையும் அணிகளையும் குதிரையின் பிடரியாகவும் பூண்களாகவும் உருவகித்து, அதனையே போய் ஊர்க எனச் சினக்கின்றாள். பொய் சொல்வோன் நம்பத்தக்க பொய்யையே தேர்வான். குதிரையோடு இருந்தேன் என்பது ஓர் ஆடவன் நாள் முழுதும் மறைந்திருத்தற்குப் போதிய காரணமாக அன்று ஏற்கப்பட்டது. இன்றும் குதிரை வளர்ப்போர் இல்லங்களில் இவ்வூடல் முற்றும் ஒழிந்ததாகத் தெரியவில்லை!

அப்பொழுதுபோக்கில் இன்பம் யாது? அகநானூற்று முல்லைப் பாட்டொன்று (104) விடை தருகின்றது. வினைமுடித்து மீளும் தலைவனின் தேரிற் பூண்ட குதிரைகள் நான்கும் வாரைப் பிடித்துச் செலுத்தத் தக்கனவேயன்றித் தாற்றுமுள் தீண்டத் தக்கன அல்ல. தீண்டினால் அவற்றின் செலவுக்கு இக்கடல்சூழ் உலகமும் போதாது. வலவனின் கைவிரலசைவு வார்வழியே குதிரையின் வாயைச் சென்றடைகின்றது. சொல்லின்றிக் கருத்துப் பரிமாறப்படுகின்றது. குதிரை கூட்டமாய் வாழ்ந்து பகைவிலங்குக்கு அஞ்சியோடும் இனம். ஆகலின் அருகிலுள்ள உயிரின் நடுக்கத்தையும் அமைதியையும் நுட்பமாக உணரும். அதன் தோல் ஈ ஒன்று அமர்வதையும் அறியும். மனித முகத்தின் சினத்தையும் மகிழ்ச்சியையும் குதிரை வேறுபடுத்தி அறிதலைச் சசெக்சுப் பல்கலைக்கழகத்தார் 2016-ஆம் ஆண்டு வெளியிட்டனர். கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே கிரேக்க நாட்டுச் செனபோன், சினத்தோடு குதிரையை அணுகற்க எனத் தம் குதிரையேற்ற நூலில் விதித்தார். பேராற்றல் உடைய ஒன்று தன் விருப்பாற் பணிந்து நம் உள்ளக் குறிப்பை உடலால் உணர்கின்றது. நாய் குரலுக்கு இசைகின்றது. குதிரை தொடைக்கும் விரலுக்கும் இசைகின்றது. யானையினிடத்து இவ்வளவு அணுக்கம் பாகனுக்கு உண்டு. ஏறிச்செல்லும் அரசனுக்கு இல்லை. குதிரையில் ஏறுவோனே பாகனாகின்றான். குதிரைக் காதலுக்கு மூலமாவது இதுவே எனத் துணியலாம்.

இலக்கண அறிவும் இக்காதலை வளர்த்தது. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூல்நிலையத்தார் 1952-ஆம் ஆண்டு வண்ணப் படங்களுடன் பதிப்பித்தனர். பரஞ்சோதி முனிவர் திருவிளையாடலில், நரியைப் பரியாக்கிக் கொணர்ந்த இறைவன் வணிகராய் நின்று குதிரை இலக்கணம் கூறுகின்றார். மார்க்கோ போலோ கூறும் குதிரை வாணிகத்தை அறிந்தோர்க்கு, இரவில் அக்குதிரைகள் நரியாய் ஓடிய கதையில், பெரும்பொருள் கொடுத்து வாங்கிய குதிரைகளை விரைவில் இழந்த நாட்டின் ஏக்கமும் கேட்கும். ஆண்டுதோறும் ஆடித் திருவிழாவில் அந்தியூர்க் குருநாதசாமி கோயிலிற் கூடும் சந்தைக்கு மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகள் வருகின்றன. வாங்குவோர் இன்றும் சுழி பார்த்தே வாங்குகின்றனர்.

ஏனாத்தூரிலிருந்து காஞ்சி நகருக்குட் செல்வார், வரதராசர் கோயில் நூற்றுக்கால் மண்டபத் தூண்களில் முன்கால் தூக்கி எழும் குதிரைகளையும் அவற்றின்மேல் வீரரையும் காண்பர். விசயநகர காலத்துச் சிற்பியர் கடிவாளத்தையும் சேணத்தையும் வழுவின்றிச் செதுக்கியுள்ளனர். அத்திறம் அண்மையிற் பார்த்துப் பழகியோர்க்கே கைகூடும். பெருவிழாவிற் பெருமாளும் குதிரை வாகனத்தில் எழுந்தருள்கின்றார்; குதிரையே வைத்திராத தறிநெசவாளரும் அவ்வாகனத்தின் கம்பீரத்தை நுணுகிப் பேசுவர்.

பொய்க்கால் குதிரையாட்டம் இவ்விழைவின் மற்றொரு வடிவம். கட்டைக் காலில் நிற்கும் கலைஞன் இடையில் குதிரைக் கூட்டைப் பொருத்திக் கொள்கின்றான். ஊர்வோனும் ஊரப்படுவதும் ஒருடலாகின்றன. காரியும் காரிக் குதிரையும் ஒரு பெயரிற் கலந்தமை இங்கு ஆட்டமாகியுள்ளது.

சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரங்களில் அய்யனார்க்குப் புரவி எடுப்பு நிகழ்கின்றது. பிடிமண் பெற்று வேளார் குதிரைகளைச் செய்து சுட்டு வைப்பர்; ஊரார் தோளிற் சுமந்து கோயிலுக்குக் கொண்டு செல்வர். சுமப்போருட் பெரும்பாலோர் குதிரை ஏறியறியாதவர். மன்னர் ஏறிய விலங்கை உழவர் தம் தோளில் ஏற்றுகின்றனர். கோயில் வாயிலில் அவை வரிசையாய் வெயிலிலும் மழையிலும் நிற்கின்றன. காதும் காலும் மெல்ல உதிர்கின்றன. பழையவற்றை எவரும் அகற்றுவதில்லை. அவற்றின் அருகே புதியன நிறுத்தப்படுகின்றன.