பதிவேட்டின் உறுதியும் அதன் எல்லையும்

தமிழ்நாட்டில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாவது கிரயப் பத்திரமே அன்றி உரிமை அன்று என்பதால், வீடு வாங்குவோர் மூலப்பத்திரங்களையும் வில்லங்கச் சான்றையும் பல ஆண்டுகள் பின்னோக்கி ஆராய வேண்டியுள்ளது. நியூசிலாந்தில் ஆக்லாந்து நகரின் தென்மேற்கே, மனுகாவ் நீர்ப்பரப்பை ஒட்டிய லின்ஃபீல்டில் வீடு வாங்குவோருக்கு இந்தச் சுமை இல்லை. 1870ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அந்நாட்டில் புகுந்த டாரன்ஸ் முறையின்படி, நிலப் பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என்பதற்கு, மோசடி போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக, அரசே உத்தரவாதம் அளிக்கிறது.

எனினும் அந்த உத்தரவாதம் உரிமையைப் பற்றியதே அன்றிக் கட்டடத்தைப் பற்றியதன்று. வீடு உரிய அனுமதியோடு கட்டப்பட்டதா, மனையில் வெள்ள அபாயம் உண்டா என்பவற்றை அறிய, நகராட்சி மன்றம் வழங்கும் 'லிம்' எனப்படும் நிலத் தகவல் அறிக்கையை நாட வேண்டும். விண்ணப்பித்த 10 வேலை நாட்களுக்குள் அதனை வழங்குமாறு 1987ஆம் ஆண்டுச் சட்டம் பணிக்கிறது. மன்றத்துக்குத் தெரியாமல் எழுப்பப்பட்ட அறை இவ்வறிக்கையில் இடம்பெறாது. ஆகவே வீட்டில் இருந்தும் அறிக்கையில் இல்லாதது எது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே அதனைப் படிக்கும் முறை. ஆக்லாந்தில் பரவலாக உள்ள 'கிராஸ் லீஸ்' வீடுகளில், நிலம் உரிமையாளர்கள் அனைவருக்கும் பொதுவாக இருக்க, ஒவ்வொருவரும் தத்தம் வீட்டைப் பெரும்பாலும் 999 ஆண்டுக் குத்தகையில் வைத்திருப்பர்; அதற்கெனப் பதிவான வரைபடத்தில் இல்லாத வகையில் வீட்டை விரித்துக் கட்டினால் உரிமை ஆவணமே குறையுடையதாகிவிடும்.

வீடு வாங்கும் ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து கையொப்பமிடப்பட வேண்டும் என்பது 2007ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டத்தின் விதி. வாய்ச்சொல்லை நீதிமன்றத்தில் நிலைநாட்டுவது அரிது. வங்கிக் கடன், லிம் அறிக்கை, கட்டட ஆய்வு ஆகியவற்றை நிபந்தனைகளாகச் சேர்த்தால், அவை நிறைவேறாதபோது விலகிக்கொள்ள வழியுண்டு. ஏலத்தில் வாங்குவோருக்கோ அவ்வாய்ப்பு பொதுவாக இல்லாததால், ஆய்வுகள் அனைத்தையும் விலை கேட்பதற்கு முன்பே முடித்தாக வேண்டும்.

முத்திரைத் தீர்வை 1999இல் நீக்கப்பட்டது. ஆயினும், 1 ஜூலை 2024 முதல் நடப்பிலுள்ள விதிப்படி, வாங்கிய இரண்டு ஆண்டுகளுக்குள் விற்பவர், அது அவர் குடியிருந்த முதன்மை வீடாக இல்லாவிடில், ஈட்டிய இலாபத்துக்கு வரி செலுத்த நேரலாம். மேலும், 22 அக்டோபர் 2018 முதல் வெளிநாட்டினர் குடியிருப்பு வீடு வாங்குவதற்குக் கட்டுப்பாடு உள்ளமையால், வேலை விசாவில் வந்த தமிழர் பொதுவாக உடனே வீடு வாங்க இயலாது. சிங்கப்பூர், ஆஸ்திரேலியக் குடிமக்களுக்கு இதில் விலக்கு உண்டு.